விடுதியும் வீடும்

'விடுதி', 'வீடு' ஆகிய இரு சொற்களும் 'விடு' என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆனால் வழக்கில் அவற்றின் பொருள் நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்துவிட்டது. விடுதியில் தங்குபவர் அவ்விடத்தை விட்டுப் போகப்போகிறவர்; வீட்டில் வாழ்பவர் எங்கு சென்றாலும் அங்குத் திரும்பி வருகிறவர். முன்னவருக்கு அந்த ஊரில் உரிமை குறைவு, கடமையும் குறைவு. பின்னவருக்கு இரண்டுமே மிகுதி. பிரிந்த இவ்விரு சொற்களையும் மறுபடி ஒட்டவைத்து விற்கும் வணிகம் ஒன்று நம் மலையூர்களில் பெருகியிருக்கிறது. கொடைக்கானலிலும் உதகையிலும் ஏற்காட்டிலும் 'மலையில் உங்களுக்கு ஒரு வீடு' என்ற பாணியில் விளம்பரம் செய்யப்படும் அடுக்கக விடுதிகளைப் பற்றியே பேசுகிறோம். அண்மையில் நண்பர் வட்டத்தில் இதுகுறித்து எழுந்த விவாதமே இதை எழுதத் தூண்டியது.

அடுக்கக விடுதி என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுவது நல்லது. சாதாரண ஓட்டலில் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு குளியலறை. அடுக்கக விடுதியிலோ கூடம், படுக்கையறை, சமையலறை, பால்கனி எல்லாம் உண்டு. கேஸ் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தட்டு, கரண்டி, குக்கர்கூட இருக்கும். சிலவற்றை நாள் வாடகைக்கு எடுக்கலாம். சிலவற்றில் ஆண்டுக்கு ஏழு நாள் தங்கும் உரிமையை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்; 'டைம்ஷேர்' என்பது அதன் பெயர். இன்னும் சிலவற்றில் ஒரு ஃபிளாட்டையே விலைக்கு வாங்கி, நாம் இல்லாத நாள்களில் அதை விடுதியாக நடத்தும் பொறுப்பை நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம்.

இந்த எண்ணம் பிறந்தது ஐரோப்பாவின் மலைநாட்டில். 1963இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்ட ஹாப்பிமாக் நிறுவனம் இதன் முன்னோடிகளுள் ஒன்று. தமிழகத்துக்கும் இதில் ஓரிடம் உண்டு. 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானலிலிருந்துதான் தன் டைம்ஷேர் வணிகத்தைப் பரப்பியது. 1996இல் உருவான மகிந்திரா ஹாலிடேஸ் நிறுவனத்துக்கும் சென்னையே தலைமையிடமாக அமைந்தது. மலையில் வீடு என்ற கனவை இந்திய நடுத்தர வர்க்கத்துக்குத் தவணைமுறையில் விற்ற முயற்சி, கடலோரத்துச் சென்னையிலிருந்து கிளம்பியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இத்தகைய விடுதிகளை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. கொடைக்கானலில் ஒன்றில் நாங்கள் குடும்பத்தோடு மூன்று இரவுகள் தங்கியதுண்டு. முதியவர்களுக்குச் சர்க்கரை நோய், குழந்தைக்கு வெளியுணவு ஒவ்வாது, ஓட்டலில் மூன்று அறை எடுக்க வருமானம் இடங்கொடாது என்ற நிலையிலுள்ள குடும்பங்களுக்கு இவை பெரிய உதவி. நள்ளிரவில் வெந்நீர் வைக்கலாம். காலையில் எட்டு மணிக்குள் கஞ்சி காய்ச்சலாம். இவ்வசதிகளை மறுப்பவர் வீட்டில் நோயாளி இல்லாதவராக இருக்க வேண்டும்.

ஆனால் அந்த மூன்று நாள்களில் நாங்கள் என்ன செய்தோம் என்று எண்ணிப் பார்க்கிறோம். அரிசி, பருப்பு, சாம்பார்ப் பொடி, ஊறுகாய், காப்பித்தூள் அனைத்தையும் மயிலாப்பூரில் கட்டி எடுத்துச் சென்றிருந்தோம். சென்னையில் பார்க்கும் அதே தொலைக்காட்சித் தொடரை அங்கும் பார்த்தோம். சென்னையில் அடுக்களையில் நிற்பவரே அங்கும் அடுக்களையில் நின்றார். வீட்டை மலைக்கு எடுத்துச் செல்லும்போது வீட்டுவேலையும் உடன் செல்கிறது, அதைச் செய்பவரும் மாறுவதில்லை. மலையிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தவை இரண்டே: குளிர், சன்னல் வழித் தெரிந்த பள்ளத்தாக்கு. அந்த ஊர்க்காரர் ஒருவரோடும் பத்துச் சொல்லுக்கு மேல் பேச வேண்டிய தேவை எழவில்லை, ஒருவரைத் தவிர.

அவர் அறைகளைத் துடைக்க வந்த பெண். எங்கள் வீட்டார் பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்துவிட்டு நிற்கையில் அவர் சொன்னார்: "இங்க தண்ணி எப்பவும் வரும்க்கா. எங்க தெருவுலதான் இன்னும் வரல. லாரி வந்தாத்தான்." குறைசொல்லும் தொனி அதில் இல்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பதுபோல ஒரு செய்தியாகத்தான் சொன்னார். அந்தச் செய்தியைத்தான் நாம் விவாதிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு மலை என்றதும் குறிஞ்சித் திணை நினைவுக்கு வரும். திணை என்பதை 'நிலக்காட்சி' என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். தொல்காப்பியம் வகுக்கும் திணையில் காட்சி மட்டும் தனித்து நிற்பதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அவற்றின்மேல் எழும் மனித ஒழுக்கமே உரிப்பொருள். தினையும் தேனும் கிழங்கும் உண்டு, புனம் காத்து, முருகனை வழிபட்டு வாழும் மக்களோடு சேர்த்தே மலை 'குறிஞ்சி' ஆகிறது. மக்களையும் தொழிலையும் உணவையும் கழித்துவிட்டு மலையை மட்டும் வைத்துக்கொண்டால் எஞ்சுவதைத்தான் இன்றைய விடுதி மொழியில் 'வியூ' என்கிறார்கள். வியூ உள்ள அறைக்கு ஒரு விலை, இல்லாத அறைக்கு வேறு விலை.

பொழுதும் அவ்வாறே. குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். ஐப்பசி தொடங்கித் தை வரை. நாட்டின் பெரிய டைம்ஷேர் நிறுவனம் ஒன்று ஆண்டின் வாரங்களை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்து விற்கிறது. கிராக்கி மிகுந்த வாரம் ஊதா. நம் மலையூர்களில் கிராக்கி மிகுவது பள்ளி விடுமுறைக் கோடையில், அதாவது வேனிலில். வேனில் பாலைக்குரிய பொழுது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெடும்போது பாலை பிறக்கிறது என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நீர் மிகக் குறைந்திருக்கும் பருவத்தில் நீர் மிகுதியாகச் செலவிடும் கூட்டத்தை மலையேற்றுகிறோம். இளங்கோ சொன்னதை மெய்ப்பிக்க இதைவிட நேரான வழி இல்லை.

'கொடைக்கானலே வெளியார் கட்டிய ஊர்தானே, இப்போது மட்டும் ஏன் புலம்பல்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மதப்பரப்பாளர்கள் நோய்க்கும் வெம்மைக்கும் அஞ்சி அங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் ஏரி உருவானது. 1899இல் வானாய்வகம் வந்தது. 1909இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயுக்களின் ஓட்டத்தைக் கண்டறிந்தது அங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைச்சாலை வரும்வரை வெள்ளையர்களை நம்மவர்களே நாற்காலியிலும் டோலியிலும் வைத்துத் தோளில் சுமந்து மேலேற்றினார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வருமுன்பே அந்த மலைகளில் பளியர்களும் பிற தொல்குடியினரும் வாழ்ந்தார்கள். பூம்பாறை போன்ற பழைய ஊர்களும் இருந்தன.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள், பள்ளி நடத்தினார்கள், அங்கேயே நோயுற்று அங்கேயே புதைக்கப்பட்டவர்களும் உண்டு. ஊரின் நன்மை தீமையில் அவர்களுக்குப் பங்கிருந்தது. அடுக்கக விடுதியின் உரிமையாளருக்கு அந்தப் பங்கு இல்லை. அவருக்கு வீட்டின் உரிமை உண்டு, வீட்டுக்காரரின் பொறுப்பு இல்லை. விடுதிக்காரரின் சுதந்திரம் உண்டு, விருந்தினரின் கூச்சம் இல்லை. கொடைக்கானலின் குடிநீர்த் தேக்கம் வற்றினால் அது அவருக்கு அந்த வார இறுதியின் எரிச்சல் மட்டுமே. இதையே நாம் இந்த ஏற்பாட்டின் மையக் குறையாகக் காண்கிறோம்.

இக்குறை வெறும் மனப்பான்மை சார்ந்ததாக இருந்தால் கட்டுரை எழுத வேண்டியதில்லை. அது கட்டடமாக எழுந்து நிற்கிறது. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கைப் பலர் மறந்திருக்கலாம். இரண்டு தளங்களுக்கே அனுமதி இருந்த இடத்தில் ஏழு தளங்கள் எழுந்தன. 1994இல் அரசு விதிவிலக்கு அளித்து ஆணையிட்டது. பழனிமலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றம் சென்றது. உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1995இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த விதிவிலக்குத் தொடர்பான குற்றவழக்கில் 2000 பிப்ரவரி 2ஆம் நாள் தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுத் தண்டனை விதித்தது. 2001இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆனால் தண்டனை அறிவிக்கப்பட்ட அன்றே தருமபுரி அருகே, கல்விச் சுற்றுலா சென்ற கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. மூன்று மாணவியர் எரிந்து இறந்தனர்.

ஆண்டுதோறும் மாணவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் எந்த ஆசிரியரும் அந்தப் பேருந்தை மறக்க இயலாது. அந்தக் கொலைக்குக் காரணம் அரசியல் வெறி. ஓட்டலின் தளங்கள் அல்ல என்று வாதிடலாம். அது சரியே. ஆயினும் ஒரு மலைச்சரிவில் எத்தனை தளம் கட்டலாம் என்ற கேள்வி, ஊராட்சிப் பொறியாளரின் மேசையோடு முடிந்துவிடும் சிறிய கேள்வி அல்ல என்பதை அந்த நாள் நமக்குக் காட்டியது. மலையின் ஒவ்வொரு தளத்துக்குப் பின்னும் பணம், அதிகாரம், கூட்டம் ஆகிய மூன்றும் நிற்கின்றன.

இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தபின் நாம் எங்கு நிற்கிறோம்? 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் சூன் வரை கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 வாகனம் என்று நீதிமன்றம் வரம்பு வகுத்தது. நீலகிரிக்கு இவ்வெண்கள் 6,000, 8,000. ஒரு வாகனத்துக்கு நால்வர் என்று வைத்தால் வார இறுதியில் கொடைக்கானலுக்கு ஒரே நாளில் 24,000 பேர் வரலாம். 2011 கணக்கெடுப்பின்படி அந்நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 36,000. வரம்பிட்ட பின்னரும் நிலைமை இது.

இ-பாஸை நாம் வரவேற்கிறோம். ஆனால் அது எண்ணுவது வாகனத்தை. வாகனம் ஞாயிறு மாலை மலையிலிருந்து இறங்கிவிடும்; கட்டடம் இறங்காது. மலைச்சரிவை வெட்டிச் சமன்படுத்தி எழுந்த அடுக்ககம், ஆளில்லாத நாளிலும் மழைநீரின் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். கட்டடம் நிற்கும்வரை அதை நிரப்ப விளம்பரம் செய்யப்படும். விளம்பரம் செய்தால் வாகனம் வரும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையும் நிலச்சரிவுகளும் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றன. 2024 சூலை 30 அன்று வயநாட்டில் நிகழ்ந்தது இன்னும் ஆறாத புண். எல்லாச் சரிவுக்கும் விடுதிகளே காரணம் என்று சொல்வது அறிவியலாகாது. ஆனால் சரிவான நிலத்தில் வெட்டும் கட்டுமானமும் நீர்வழி அடைப்பும் ஆபத்தைக் கூட்டும் என்பதை மறுக்கும் பொறியாளர் இல்லை.

சோலைக்காடுகள் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்து மெல்லக் கசியவிடுவதால்தான் மழை நின்ற பிறகும் மலையோடைகள் ஓடுகின்றன. பழனிமலையின் வடசரிவு நீர் அமராவதி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. தென்சரிவு நீர் வைகைக்குப் போகிறது. கொடைக்கானலின் சன்னல்களுக்கு வெளியே தெரிவது வெறும் பச்சை நிறமன்று. சமவெளி உழவரின் கிணற்று நீரும் அதுவே.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அடுக்கக விடுதிக்கும் விடுமுறை வீட்டுக்கும் தாயகமான ஆல்ப்ஸ் மலையூர்களிலேயே இது முற்றியது. ஆண்டில் சில வாரங்கள் தவிரப் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கட்டில்களை அங்கே 'குளிர்ந்த படுக்கைகள்' என்கிறார்கள். உள்ளூர் இளைஞருக்கு வீடு கிடைக்கவில்லை; வெளியூராரின் வீடோ பூட்டியிருந்தது. 2012 மார்ச்சில் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் மொத்த வீடுகளில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். சுற்றுலாவால் செழித்த நாடே அந்த முடிவை எடுத்தது என்பது நம் கவனத்துக்குரியது.

'விடுதிகள் இல்லையேல் மலைமக்களுக்கு வேலை ஏது?' என்பது வலுவான மறுப்பு. அறை துடைக்கும் அந்தப் பெண்ணின் மாதச் சம்பளத்தை நம் கட்டுரை ஈடுசெய்யாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமையலறையோடு கூடிய அடுக்ககத்தில் தங்குபவர் உள்ளூர் மெஸ்ஸில் சாப்பிடுவதில்லை. சந்தையில் வாங்குவதும் குறைவு. விடுதி வகைகளில் உள்ளூருக்கு மிகக் குறைவாகப் பணம் விட்டுச்செல்வது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது நம் கணிப்பு. மன்னவனூரிலும் பூம்பாறையிலும் விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டில் அரைக் கிலோ வாங்கிச் சமைத்திருந்தால்கூட அந்தச் சமையலறைக்கு மலையோடு ஓர் உறவு ஏற்பட்டிருக்கும்.

சென்னையின் கடலோரத்தில் இருந்துகொண்டு மலையைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தகுதி அங்கிருந்துதான் வருகிறது. நாம் வாழும் பட்டினப்பாக்கத்தில் இதே கதை நெய்தல் நிலத்தில் நடக்கிறது. கடல் தெரியும் ஃபிளாட்டுக்கு ஒரு விலை, தெரியாததற்கு வேறு விலை. கடலைப் பார்க்க விலை கொடுப்பவர்கள் பெருகப் பெருக, கடலில் தொழில் செய்பவர்கள் இடைஞ்சலாகத் தோன்றத் தொடங்குகிறார்கள். 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்குத் தடை என்று கூறி லூப் சாலையோரத்து மீன்கடைகளை அகற்ற முற்பட்டபோது, நொச்சிக்குப்பத்து மீனவர்கள் சாலையில் அமர்ந்து போராட நேர்ந்தது. சாலை வந்து எத்தனை ஆண்டு, குப்பம் வந்து எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு அங்கே யாரும் விடை தேடவில்லை. பரதவரைக் கழித்துவிட்டால் நெய்தல் 'சீ வியூ' ஆகும். குறவரையும் பளியரையும் உழவரையும் கழித்துவிட்டால் குறிஞ்சி 'வேலி வியூ' ஆகும். இரண்டும் ஒரே கணக்கு.

என்ன செய்யலாம்? அரசு செய்ய வேண்டியவை சில. வாகனத்தை எண்ணுவதோடு நில்லாமல் ஒவ்வொரு மலையூரிலும் உள்ள படுக்கைகளை எண்ண வேண்டும். ஊருக்குள்ள நீரின் அளவை வைத்து அதற்கு மேல்வரம்பு வகுக்க வேண்டும். விடுதிக்குப் போகும் நீரும் தெருக்குழாய்க்குப் போகும் நீரும் எவ்வளவு என்பதைக் கோடையில் வாரந்தோறும் வெளியிட வேண்டும். டைம்ஷேர், வாடகை ஃபிளாட் போன்றவற்றை வீடு என்று பதிவுசெய்து விடுதியாக நடத்தும் வழியை அடைக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது எளியது, ஆனால் கடினமானது. மலையில் மறுபடி விருந்தினராக இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாக வந்தவருக்கு ஊரார் இடங்கொடுப்பார்கள். வந்தவரோ அவர்கள் உண்பதை உண்டு, அவர்களுக்குள்ள நீரில் தம் பங்குக்கு மிஞ்சாமல் எடுத்துக்கொண்டு, நாள் முடிந்ததும் விடைபெறுவார். மலையில் நமக்கு ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை, உண்மையில் விடைபெற மறுக்கும் ஆசை. சமையலறை வேண்டியவர் அதை எடுத்துக்கொள்ளட்டும். ஊர்க்காரர் தம் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடும் இடங்களும் உண்டு. அங்கே தண்ணீர் எப்போது வரும் என்பது தங்குபவருக்கும் தெரியும்.

பழனிமலை பழைய பொதினி. ஆவியர் குடியின் பேகன் ஆண்ட நாடு. மழைக்குளிரில் தோகை விரித்த மயிலுக்குக் குளிருமே என்று தன் போர்வையைப் போர்த்தியவன் என்று அவனைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். அது மடமை என்று நகைத்தவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். ஆனால் மலையிடம் எதைப் பெறலாம் என்று கேளாமல், மலைக்கு என்ன வேண்டும் என்று ஒரு கணம் எண்ணிய மனம் அது.

கொடைக்கானல் மலைகளில் குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது; இனி 2030இல் பூக்க வேண்டும். இன்று இருபத்தைந்தாண்டு உறுப்பினராகச் சேர்பவரின் ஒப்பந்தக் காலத்துக்குள் அது இரண்டு முறை பூக்கும். பூப்பதற்குச் சரிவில் புல்வெளி மிஞ்சியிருக்குமா என்பதை ஒப்பந்தப் பத்திரத்தின் எந்தப் பக்கமும் சொல்வதில்லை.